வறுத்த மண்

தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர்களிடம் இனிப்பான வார்த்தையை எதிர்பார்த்து யாரும் வரிசையில் நிற்பதில்லை. தபீதாள் அக்காவிடம் எதிர்பார்த்தாலும் கிடைக்காது. "சில்லறை வெச்சிருக்கீங்களா? இல்லேன்னா தள்ளி நில்லுங்க" என்பதுதான் கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து அவர் ஊருக்குச் சொல்லும் காலை வணக்கம். அடுத்த வீட்டுக்காரனான என்னிடமும் ஒரு நாள் அதையே சொன்னார். நான் முறைத்தேன். "அரிகிருஷ்ணன், முறைச்சா சில்லறை வருமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டால் அவர் வேறு மனுஷி. கேட்டவருக்கும் செடி, கேட்காதவருக்கும் செடி. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு அப்போது பாதி வீடும் பாதி முள்ளுமாக இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். புதிதாக யார் வீடு கட்டிக் குடிவந்தாலும், பால் காய்ச்சிய பாத்திரம் ஆறுவதற்குள் அக்கா ஒரு செடியோடு போய் நிற்பார். வாங்க மாட்டேன் என்று சொன்னவர்கள் யாரும் இல்லை. சொல்ல விட்டால்தானே?

அவருடைய பெருமை டெல்லி கனகாம்பரம். அந்த ரகம் அப்போதுதான் இந்தப் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. பூ பெரிது, சீக்கிரம் வாடாது. ஆனால் விதை கட்டாது. குச்சி வெட்டி, நிழலில் நட்டு, வேர் பிடிக்கவைத்துத்தான் பெருக்க வேண்டும். மற்றவர்கள் நட்டால் பாதிக்குமேல் அழுகிப்போகும். அக்கா கை பட்டால் துடைப்பக்குச்சிகூடத் துளிர்க்கும் என்று தெருவில் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. என் வாயில் புகழ்ச்சி அவ்வளவு சுலபமாக வராது.

வேர் பிடித்த செடியைக் கொடுக்கும்போது அக்கா வெறும் வேராகக் கொடுக்க மாட்டார். சுற்றியிருக்கும் மண்ணோடு உருண்டையாகத் தோண்டி எடுத்து வாழைச்சருகில் கட்டிக் கொடுப்பார். "பிறந்த மண்ணு கூடப் போனாத்தான் செடிக்கு ஏக்கம் வராது" என்பார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி கொஞ்சம் கண்கூடக் கலங்கும். மகளை வேலூருக்குக் கட்டிக்கொடுத்தபோது கலங்காத கண் அது.

அந்த உருண்டையை ஓரமாகக் கொஞ்சம் உடைத்து வேரையும் காட்டுவார். வேரெல்லாம் மணிமணியாக முடிச்சு. "பாத்தீங்களா? இதுதான் சத்து" என்பார். வானொலி விவசாய நிகழ்ச்சியில், பயறு வகைச் செடிகளின் வேரில் இப்படிச் சிறு முடிச்சுகள் இருக்கும், அவை காற்றிலிருந்து சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும் என்று சொல்லக் கேட்டிருந்தார். சொன்னது உண்மைதான். தன் தோட்டத்தில் ஒரு காராமணியைப் பிடுங்கிப் பார்த்தார், முடிச்சு இருந்தது. கத்திரியைப் பிடுங்கினார், அதிலும் இருந்தது, இன்னும் பெரிதாக. கனகாம்பரத்தில் அதைவிட அதிகம். காராமணிக்கு நல்லதென்றால் கனகாம்பரத்துக்கு மட்டும் கெட்டதா? தன் மண்ணைப்போல் மண் இல்லை என்று அவர் முடிவுகட்டினார். அன்றிலிருந்து முடிச்சு அதிகமுள்ள செடியாகப் பார்த்து, வேண்டியவர்களுக்கென்று தனியாக எடுத்துவைக்கத் தொடங்கினார்.

எங்கள் தெருமுனைச் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு முறை அறுப்பின் பண்டிகை நடக்கும். பூசணி, வாழைத்தார், கோழி, கேக் என்று அவரவர் கொண்டுவந்ததைப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். நான் முருகன் கோயிலுக்குப் போகிறவன், ஆனாலும் ஏலத்துக்குத் தவறாமல் போவேன். என் மனைவி காமுவின் சாம்பாருக்குப் பூசணிக்காயில் மதபேதம் கிடையாது. அக்காவின் செடிகள் அங்கே போட்டி போட்டு விலை போகும். ஒரு வருஷம் போதகரே ஒரு செடியைக் கையில் தூக்கிப்பிடித்து, நல்ல நிலத்தில் வளர்ந்த செடிக்கு ஆண்டவர் வேரிலேயே ஆசீர்வாதத்தை முடிந்து வைத்திருக்கிறார் என்று பிரசங்கம் செய்துவிட்டார். அக்காவின் கணவர் வேதசிரோமணி பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுபவர். வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவருக்கே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் கன்னியம்மாவைச் சொல்ல வேண்டும். முடிச்சூர்க்காரி. புருஷன் இறந்தபின், ஏரிப் பாசனத்தில் இருந்த, கொல்லி என்று அவள் சொல்லும் கொஞ்ச நிலத்தில் பூவும் கத்திரியும் போட்டு, ரயில் நிலையப் படிக்கட்டோரம் உட்கார்ந்து பூ விற்றுப் பிழைத்தவள். காலை வண்டி நெரிசல் ஓய்ந்ததும் ஜன்னல் வழியாக அக்காவுக்கு ஒரு முழம் பூ நீட்டுவாள். அக்கா காசு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊரையே சில்லறை கேட்டு விரட்டுகிற அக்கா அந்த ஒரு முழத்துக்கு மட்டும் வாய் திறக்காமல் தலையைக் குனிந்து வாங்கி வைத்துக்கொள்வார். இருவருக்கும் இடையில் அப்படி ஒரு ஒட்டுதல்.

"யக்கா, கத்திரியில காசு ஒண்ணும் நிக்கல. உன் டெல்லி பூவு குடேன், கொல்லி பூரா வெச்சிப் பாக்கறேன்" என்று அவள் கேட்டபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் குச்சி நட்டார். குச்சி வைத்த இடம் போதாமல் எங்கள் சுவரோரம்வரை வந்தார். வேர் பிடித்ததில் முடிச்சு அதிகமுள்ளவையெல்லாம் கன்னியம்மாவுக்கு. பெருங்களத்தூர்ப் பக்கம் போகும் மாட்டுவண்டியில் ஏற்றி, மண்ணோடு மண்ணாக அனுப்பிவைத்தார். முதல் வருஷம் பூ கொட்டியது. ரயிலேறும் பெண்கள் தலையெல்லாம் முடிச்சூர்க் கனகாம்பரமாக இருந்தது.

அடுத்த வருஷம் செடி வெளுத்தது. பிறகு மஞ்சளானது. தண்ணீர் பாய்ச்சிய நிலத்திலேயே உச்சி வெயிலில் துவண்டு நின்றது. பூ சிறுத்தது, ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாகக் காய ஆரம்பித்தது. கன்னியம்மா உரம் போட்டாள், எலுமிச்சம்பழம் கட்டினாள், திருஷ்டிப் பூசணி உடைத்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை.

முடிச்சூரில் அப்போது மனை போடும் வேலை தொடங்கியிருந்தது. வயல்களின் நடுவில் வெள்ளையடித்த கற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. கன்னியம்மாவின் கொல்லியை ஒட்டி அவள் மைத்துனன் துரையின் பங்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்டு ஒரு மனை வியாபாரி வந்துபோனார். துரைக்கு விற்க ஆசை, கன்னியம்மாவுக்கு உயிரே போனாலும் மனமில்லை. "செத்துப்போன பூமியை வெச்சிகினு இன்னா பண்ணப் போறே அண்ணி? கையெழுத்துப் போடு" என்று துரை சொன்ன நாளில் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பூமி செத்துப்போனால் லாபம் யாருக்கு? மருந்து ஊற்றிவிட்டான் என்று முடிவே செய்துவிட்டாள். அவன் வீட்டு வாசலுக்குப் போய், ஊர் பார்க்க, மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். "என் வயித்துல அடிச்சவன் வூடு விளங்காம போவட்டும்!"

துரை கதவைச் சாத்திக்கொண்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஆனால் பூ இல்லாமல் எத்தனை நாள் பிடிவாதம் தாங்கும்? கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று அவளே யோசிக்கும் நிலை வந்தது.

இதெல்லாம் அக்காவின் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கன்னியம்மாவே காய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஜன்னலில் காட்டினாள். "பாருக்கா, உன் முடிச்சு அப்படியே கீது. ஆனா செடி பூடுச்சி. மருந்து ஊத்தாம எப்டி போவும்?" அக்கா அந்த வேரைப் பார்த்தார். முடிச்சுகள் இருந்தன, முன்னைவிடப் பெரிதாக. அவற்றுக்குக் கீழே வேரே இல்லை. அந்த வாரம் அவருடைய சொந்தத் தோட்டத்திலும் இரண்டு செடி துவண்டது.

பொத்தேரிப் பக்கம் வேளாண் அலுவலகம் ஒன்று இருந்தது. துணைக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஒரு வயர் கூடையில் கன்னியம்மாவின் செடியும் அக்காவின் செடியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் குலுங்கக் குலுங்க, என் சட்டையெல்லாம் மண். அக்கா முகத்தைப் பார்த்தபின் குறைபட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞானஜோதி என்றொரு அதிகாரி இருந்தார், சின்ன வயசு, நல்ல பொறுமை. வேரைத் தண்ணீரில் அலசி வெள்ளைத் தட்டில் வைத்தார். அக்கா முந்திக்கொண்டு, "இந்த முடிச்சு நல்லதுதானே மேடம்? பயறுல வர்றது மாதிரி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கெஞ்சல் இருந்தது. டிக்கெட் கவுண்டரில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

அதிகாரி ஒரு காராமணி வேரை எடுத்துவந்து, அதிலிருந்த முடிச்சை நகத்தால் தட்டினார். உதிர்ந்து விழுந்தது. "இது வேர் மேல ஒட்டிட்டு இருக்கு. நல்லது பண்ற முடிச்சு. இப்ப இதைத் தட்டுங்க" என்று கனகாம்பர வேரைத் தள்ளினார். அக்கா தட்டினார், கிள்ளினார். முடிச்சு வரவில்லை. வேரே வீங்கியிருந்தது. அதிகாரி அதை பிளேடால் கீறி, பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். உள்ளே குண்டூசித் தலையைவிடச் சிறியதாக, வெள்ளை வெளேரென்று முத்து மாதிரி ஏதோ இருந்தது.

"நூற்புழும்மா. வேர்முடிச்சு நூற்புழுன்னு பேரு. மண்ணுல இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. வேருக்குள்ள புகுந்து உட்கார்ந்துக்கும், உட்கார்ந்த இடம் வீங்கிடும். அப்புறம் செடிக்குத் தண்ணியும் ஏறாது, உரமும் ஏறாது. கத்திரி, தக்காளி, வெண்டை, வாழை, எதையும் விடாது. வேலியோரம் தானா முளைக்கிற மணத்தக்காளியிலகூட இருந்துக்கும். செடியே இல்லேன்னாலும் முட்டையா மண்ணுல காத்திருக்கும்."

"அப்ப முடிச்சூருக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டது நான்தான். அக்காவுக்கு விடை தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், அவர் கேட்கவில்லை.

"தானாப் போகாது சார். வருஷத்துக்கு ஒரு கஜம் நகர்ந்தாலே பெரிசு. மனுஷங்கதான் தூக்கிட்டுப் போவாங்க. செடியோட, மண்ணோட, மண்வெட்டியோட. செருப்புல ஒட்டியிருந்தாக்கூடப் போதும்."

வைத்தியமும் சொன்னார். முழுக்க ஒழிக்க முடியாது, ஆனால் அடக்கலாம். கனகாம்பரத்தை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். கோடையில் நிலத்தைக் கிளறி வெயிலில் காயவிட வேண்டும், வேப்பம் புண்ணாக்குப் போட வேண்டும். அதன்பின் துலுக்க சாமந்தி நட வேண்டும். அதன் வேர் அந்தப் புழுவுக்கு ஆகாது. இரண்டு மூன்று பட்டம் அதையே போட்டால் புழு குறைந்துவிடும்.

திரும்பும் பஸ் பெருங்களத்தூரைத் தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன். "வைத்தியத்தை மட்டும் அவகிட்ட சொல்லுங்க அக்கா. எங்கிருந்து வந்ததுன்னு யார் கேக்கப் போறா? மண்ணுல எத்தனையோ புழு." இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்குவானேன்?

"துரை மேல மண்ணை வாரித் தூத்தியிருக்கா" என்றார் அக்கா. "அந்த மண்ணு என்னுது." 

மறுநாள் லீவு போட்டுவிட்டு முடிச்சூர் போனார். நடந்ததைப் பிறகு கன்னியம்மாவே எங்களுக்குச் சொன்னாள். அக்கா வரப்பில் நின்று எதையும் பூசி மெழுகாமல் சொல்லியிருக்கிறார். துரை ஒன்றும் செய்யவில்லை, உன் கொல்லியைக் கெடுத்தது நான் கொடுத்த செடி, அதுவும் நல்லதென்று நினைத்துப் பொறுக்கிக் கொடுத்த செடி. அதிகாரி சொன்ன சாமந்தி வைத்தியத்தையும் சொன்னாராம். கன்னியம்மா கையிலிருந்த களைவெட்டியைக் கீழே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாமிக்கு நேந்துகினேன், கொழுந்தனுக்குச் சாபம் குட்த்தேன். கடைசியில நீயாக்கா?" என்றாள். பிறகு, "இனிமே என் கொல்லியில கால் வெக்காதே" என்றாள். அக்கா வரப்பிலிருந்து ரோட்டுக்கு இறங்கிவிட்டார்.

கன்னியம்மா நேர்மையானவள். அன்று சாயங்காலமே துரை வீட்டுக்குப் போய், சாபம் விட்ட அதே வாசலில் நின்று, "தப்பு என்னுது, மனசுல வெச்சிக்காதே" என்றாள். வாசலில் கிடந்த மண்ணைக் கையால் கூட்டி அள்ளினாள். துரை பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். அத்தனை நாள் ஊரார் பார்வையில் கூனிக்கிடந்தவன் அவன். "அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் நா வாயத் தொறக்க மாட்டேன் அண்ணி. அதுக்குள்ள பூமி பூ குட்த்தா உன் பங்கு உனக்கு. இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடு. இந்தப் பேஜாரு ரெண்டு பேருக்கும் வாணாம்" என்றான். ஒப்புக்கொண்டாள். நிலம் தங்குமா போகுமா என்பது இனி துலுக்க சாமந்தியின் கையில் இருந்தது.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகையில் ஏலம் தொடங்குமுன் அக்கா எழுந்து நின்றார். என் செடி வாங்கினவர்கள் எல்லோரும் அதைப் பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று கவுண்டர் குரலில் அறிவித்தார், காரணத்தையும் சொன்னார்.  போதகர் பாவம், தன் பிரசங்கத்தை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "எங்க வீட்டுச் செடி நல்லாத்தானே பூக்குது?" என்று ஒருவர் முணுமுணுத்தார். எரித்தவர்கள் பாதிப்பேர், சிரித்தவர்கள் மீதிப்பேர். அக்கா போய் நின்றால் கதவைத் திறக்காத வீடுகளும் அதன்பின் உண்டு. அது அவரைச் சுட்டது, எனக்குத் தெரியும். வேதசிரோமணி சில வாரம் பாடகர் குழுவுக்கே போகவில்லை.

எங்கள் வீட்டுக் கனகாம்பரத்தைக் காமு அழுதுகொண்டே பிடுங்கினாள். அக்காவின் தோட்டம் மொட்டையடித்த தலை மாதிரி ஆனது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் தென்னைநார்க் கட்டையும் வந்து உட்கார்ந்தன. உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் செருப்பைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். தபால்காரர் ஒரு நாள் மறுத்துவிட்டுத் திரும்பிப் போனார், கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கன்னியம்மாவுக்குச் சாமந்தி நாற்று யார் கொடுப்பது? நான்தான் கொடுப்பேன் என்றார் அக்கா. எந்த மண்ணில் வளர்ப்பது? தன் மண்ணை அவர் இனி நம்பத் தயாராக இல்லை. கல்யாணச் சமையலுக்குப் பயன்படும் இரும்பு வாணலி ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தார். தோட்டத்தில் மூன்று கல் வைத்து, சவுக்குக்கட்டை எரித்து, அதில் மண்ணைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தார். மண் சூடேறி ஆவி பறக்கும்வரை கிளறி, ஆறவைத்துச் சட்டிகளில் நிரப்பி, அதில் விதை போட்டார். தெருவெல்லாம் ஒரு மாதிரி வாசனை. வேதசிரோமணி வேலியோரம் என்னிடம் வந்து, "ரவை வறுக்கச் சொன்னா நேரமில்லைங்கறா சார், மண்ணு வறுக்கறா" என்றார். அன்றைக்குத்தான் அவருடைய அடிக்குரலைச் சர்ச்சுக்கு வெளியில் கேட்டேன். சொல்லிவிட்டு, போய் அகப்பையை வாங்கிக்கொண்டு அவரும் கிளறினார்.

நாற்று வளர்ந்ததும் அக்கா கூடையில் அடுக்கி முடிச்சூர் பஸ்ஸில் கொண்டுபோனார். கொல்லிக்குள் கால் வைக்கவில்லை. ரோட்டோரம் கூடையை வைத்துவிட்டு வந்துவிட்டார். மறுவாரம் போனபோது கூடை காலியாக இருந்தது, நாற்று நட்டிருந்தது. கன்னியம்மா தூரத்தில் குனிந்தபடி நிமிரவில்லை. இப்படியே பல வாரம். ரயில் நிலையத்திலும் அவள் ஜன்னல் பக்கம் வரவில்லை. அக்காவின் கொண்டை வெறுமையாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை கூடையை வைத்துவிட்டுத் திரும்பும்போது கன்னியம்மா எதிரே வந்து நின்றாளாம். சட்டி மண்ணைக் கிள்ளிப் பார்த்து, "இன்னாக்கா இது, கருகின வாசனை அடிக்குது?" என்று கேட்டாள்.

"வறுத்த மண்ணு. புழு இருக்காது."

"மண்ணையா வறுத்தே?" கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உப்பு, காரம்லாம் போட்டியா?"

அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாராம். கன்னியம்மா வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து, "காலைக் கழுவிகினு உள்ள வாக்கா" என்றாள்.

துலுக்க சாமந்தியைப் பெண்கள் தலையில் வைப்பதில்லை, வாசனை ஆகாது. கன்னியம்மா அதற்காக முதலில் முகம் சுளித்தாள். ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தாம்பரத்தில் எந்த வண்டிக்கு மாலை வேண்டாம்? பஸ், லாரி, ஆட்டோ, சைக்கிள் கடை, லேத்துப் பட்டறை, எல்லாவற்றுக்கும் மஞ்சளும் ஆரஞ்சுமாக முடிச்சூரிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கியது. துரையே தலையில் தூக்கிவந்து இறக்கினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். தன் பங்கை மட்டும் விற்றுக்கொண்டு, அண்ணியின் பங்கை விட்டுவிட்டான். வெள்ளைக் கற்கள் அவள் வரப்புவரை வந்து நின்றன.

ஆனால் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. புழு போய்விட்டதா? ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால், வறுத்த மண்ணில் வளர்த்த தக்காளி நாற்று ஒன்றைக் கொல்லியின் நடுவில் தன் கையாலேயே நடுவார். தக்காளி வேரென்றால் அந்தப் புழு ஓடிவரும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். ஒரு மாதத்துக்குமேல் விட்டு, இருவரும் சேர்ந்து பிடுங்கி, வாய்க்காலில் அலசிப் பார்ப்பார்கள். முதல் வருஷம் வேர் நிறைய முடிச்சு, அடுத்த வருஷம் பாதி, அப்புறம் நாலைந்து. பிறகு எத்தனை வருஷம் பார்த்தாலும் ஒன்றோ இரண்டோ இருந்துகொண்டே இருந்தது. கன்னியம்மா சாமந்திக்கு நடுவில் மறுபடி கனகாம்பரமும் வைத்துப் பிழைக்கத் தொடங்கிவிட்டாள். "ஒரு முடிச்சு கீறதால இன்னாக்கா இப்போ? நல்லாத்தானே பூக்குது?" என்பாள். அக்கா அந்த ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பார். "சுத்தமா ஒரு வேர் பாத்துட்டுத்தான் போவேன்" என்பார். எனக்குச் சலிப்பாக இருக்கும். ஒரு புழுவோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டும் மனுஷியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்று மூன்று நான்கு வருஷம் இருந்தார். தொண்ணூற்றாறில் தக்காளி நாற்றை நட்டுவிட்டு வந்த ஐந்தாறு வாரத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "பிடுங்க நாளாச்சு, கன்னியம்மாவைப் பிடுங்காம இருக்கச் சொல்லுங்க, நான் வந்துடறேன்" என்று காமுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகம். செடியை எரித்தவர்களும் வந்திருந்தார்கள், சிரித்தவர்களும் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து, ஒவ்வொருவராக ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டுக்கொண்டிருந்தோம். வேதசிரோமணியின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கன்னியம்மா வந்தாள். கொல்லியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், முழங்கால்வரை சேறு. வாசல் குழாயில் நின்று குதிகாலைத் தேய்த்துக் கழுவினாள். அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

குழியருகே வந்தவள் எங்கள் குவியலிலிருந்து மண் எடுக்கவில்லை. முந்தானையை அவிழ்த்தாள். அதில் அவள் கொல்லி மண் ஒரு கைப்பிடி இருந்தது, கூடவே அலசிய தக்காளிச் செடி ஒன்று. அக்கா கடைசியாக நட்ட செடி. அதன் வேரைக் குழிக்குமேல் நீட்டிப் பிடித்தாள். வேர் வெள்ளையாக, நூல் நூலாகத் தொங்கியது. நான் குனிந்து பார்த்தேன். ஒரு முடிச்சுகூட இல்லை. என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

"மண்ணு எடுத்துகினு எங்கியும் போவாதேன்னு சொல்வியேக்கா" என்றாள் கன்னியம்மா. "இத்த எடுத்துகினு வரலாம். பாரு, சுத்தமா கீது."

பிறகு அந்த மண்ணை மெதுவாக உள்ளே விட்டாள்.